இரட்டையருக்குப் பக்கி வாங்கிய புராணம்

முதலில் பெயர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். பிள்ளையை வைத்துத் தள்ளுகிற வண்டியை ஊரில் ஸ்ட்ரோலர் என்போம், கொஞ்சம் வயதானவர்கள் பிராம் என்பார்கள், அழகாகத் தமிழில் தள்ளுவண்டி என்று எழுதினால் வெண்டைக்காய் விற்கிற வண்டிதான் கண்முன் வருகிறது. லண்டனில் எல்லார் வாயிலும் வருவது பக்கி. கர்ப்பமாக இருந்தபோது செக்கப்புக்குப் போன இடத்தில் நர்ஸ் ஒருத்தி "பக்கி வாங்கியாச்சா?" என்று கேட்டதைப் பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, பொறக்காத புள்ளையள அதுக்குள்ள எதுக்குப் பக்கிங்கா?" என்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நர்ஸ் பாவம். ஆகவே நான் வண்டி என்றே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு பையன், ஒரு பெண். பையன் ஆறு நிமிடம் மூத்தவன், அதனால் அவன் பெரியவன், இவள் சின்னவள். இப்போது இரண்டே முக்கால் வயது. இதற்குள் இரண்டு வண்டி வாங்கிவிட்டோம். முதல் வண்டியில் செய்த தப்பு எல்லாமே கடையில் நிற்கும்போது சரியாகப்பட்ட தப்புகள். அதைத்தான் எழுதப் போகிறேன். முதல் வண்டியின் கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் வண்டி மேல் பெரிய குற்றம் இல்லை, எங்களுக்குப் பொருந்தாத வண்டியை நாங்கள் வாங்கினோம், அவ்வளவுதான்.

அது முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை வைத்த ரகம், டாண்டம் என்பார்கள். ரயில்பெட்டி மாதிரி ஒல்லியாக, நீளமாக இருக்கும். அகலம் ஒற்றை வண்டி அளவுதான் என்பதால் எங்கும் நுழையும் என்று கடைக்காரர் சொன்னார், உண்மைதான். கடையில் பார்த்துவிட்டு 24-வது வாரத்திலேயே ஆன்லைனில் வாங்கிவிட்டோம். அவசரத்துக்குக் காரணம் உண்டு. இரட்டைப் பிள்ளைகள் 40 வாரம் வரை காத்திருப்பதில்லை. இங்கிலாந்தில் சிக்கல் எதுவும் இல்லாத இரட்டைக் கர்ப்பத்துக்கே, தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் 37 வாரத்திலும், இரண்டும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்டால் 36 வாரத்திலும் பிரசவத்தை முடித்துவிடலாம் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். எங்களுடையவை 35-லேயே வந்துவிட்டன. ஆகவே சீக்கிரம் வாங்கியது சரி. வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் மூன்று மாதம் வைத்திருந்ததுதான் தப்பு. ஆன்லைனில் வாங்கிய பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்பித் தர இங்கே 14 நாள் சட்டப்படி உண்டு, பழுதான பொருள் என்றால் 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். எங்கள் வண்டியில் பழுது இல்லை, 14 நாளும் எப்போதோ போய்விட்டது. வாங்கினால் அன்றைக்கே பெட்டியைப் பிரியுங்கள். பொறக்கும் முன்னால் தொட்டில் கட்டக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அதை நான் மதிக்கிறேன், ஆனால் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்துவிட்டால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பிரித்ததும் தெரிந்த முதல் விஷயம்: இரட்டை இருக்கை வண்டி என்பது வேறு, இரட்டையருக்கான வண்டி என்பது வேறு. கடைகளில் 'டபுள்' என்று விற்கும் பல வண்டிகள் ஓடித் திரியும் இரண்டு வயதுப் பிள்ளையையும் கைக்குழந்தையையும் மனதில் வைத்துச் செய்தவை. ஒரு இருக்கை முழுதாகப் படுக்கும், இன்னொன்று பாதிதான் சாயும், ஆறு மாதத்துக்கு மேல் என்று எங்கோ சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் பிறந்த குழந்தை உட்கார ஆரம்பிக்கும் வரை வண்டியில் தட்டையாகப் படுக்க வேண்டும், அப்போதுதான் மூச்சு சீராகப் போகும், முதுகும் தாங்கும். இரட்டையர் என்றால் முதல் நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் படுக்கை வேண்டும். எங்கள் வண்டியில் பின்னால் இருந்தது படுத்தது, முன்னால் இருந்தது படுக்கவில்லை. கார் சீட்டை அப்படியே வண்டியில் மாட்டிக்கொள்ளலாமே என்றார்கள். மாட்டலாம். ஆனால் கார் சீட்டில் பச்சைக்குழந்தையை ஒரே நேரத்தில் அரைமணிக்கு மேலும், கொஞ்சம் வளர்ந்தபிறகு இரண்டு மணிக்கு மேலும் வைக்கக்கூடாது என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள். குறைப்பிரசவக் குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசியில் பெரியவனை வண்டியில் படுக்கப் போட்டு, சின்னவளை அம்மா தூளி மாதிரி துணியில் கட்டி நெஞ்சோடு தூக்கிக்கொண்டு வந்தாள். 300 பவுண்டு இரட்டை வண்டியில் ஒற்றைப் பிள்ளை.

அம்மா இருந்தவரை அதுவும் ஓடியது. இரண்டு பெரியவர்கள் கூட இருந்தால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். ஒருவர் கதவைப் பிடிக்க, ஒருவர் தள்ள, படி வந்தால் ஆளுக்கு ஒரு முனை. விசிட்டர் விசாவில் ஆறு மாதம்தான் தங்க முடியும், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் வந்தவள் பிள்ளைகளுக்கு ஐந்து மாதம் ஆகும்போது கிளம்பிவிட்டாள். இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, வேலை. அவள் போன மறுநாள் தடுப்பூசிக்காக நான் தனியாக இரண்டையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் தாண்டவே இருபது நிமிடம் ஆனது.

எங்கள் வீட்டைச் சொன்னால்தான் புரியும். கிழக்கு லண்டனில் மேனர் பார்க். நூறு வருஷத்துக்கு மேல் பழைய வரிசை வீடு, அதை மேலும் கீழுமாக இரண்டு குடியிருப்பாகப் பிரித்திருக்கிறார்கள். தெருக்கதவு பொது, அதைத் தாண்டி ஒரு குட்டி நடை, அதில் மாடிப்படி, இடப்பக்கம் திரும்பினால் எங்கள் கதவு. முதலில் வண்டியைப் பொது நடையில் விட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் கைப்பிடியில் ஒரு கடிதம் டேப் போட்டு ஒட்டியிருந்தது: தீப்பிடித்தால் ஓடும் வழி இது, பொருள் வைக்கக்கூடாது, எடுக்காவிட்டால் நாங்கள் எடுத்துவிடுவோம். கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் 2017-ல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத் தீயில் 72 பேர் செத்த பிறகு இந்த ஊரில் இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆக வண்டி வீட்டுக்குள் வர வேண்டும். நீள வண்டி கதவுக்குள் நுழையும், ஆனால் அந்த L திருப்பத்தில் திரும்பாது. பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி, இரண்டு பிள்ளைகளோடு, ஆபரேஷன் தையல் வலியோடு நகர்த்த வேண்டும். தெருவில் நடைபாதை மேல் ஏற்றும்போதும் இதே கதை. முன்னால் ஒரு பிள்ளை கனம் இருப்பதால் கைப்பிடியை வயிற்றை வைத்து அழுத்தினால்தான் முன்சக்கரம் எழும்பும்.

அப்புறம் அந்த அரிசிப் பை சம்பவம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கடைக்குப் போய்விட்டு, ஐந்து கிலோ பொன்னி அரிசியையும் இரண்டு பால் கேனையும் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தேன். மருந்துக்கடை வாசலில் சின்னவள் அழுதாள் என்று முன் இருக்கையிலிருந்து அவளைத் தூக்கினேன். தூக்கிய நொடியில் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து, கைப்பிடி தரையில் இடித்து, பின்னால் இருந்த பெரியவனின் இரண்டு காலும் வானத்தைப் பார்த்தன. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெல்ட் போட்டிருந்தேன், அவன் சிரித்துக்கொண்டிருந்தான், எனக்குத்தான் கை நடுங்கியது. எல்லாக் கையேட்டிலும் கைப்பிடியில் பை மாட்டாதே என்று எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து இருக்கை வண்டியில் ஒரு பிள்ளையைத் தூக்கினால் இன்னொன்றின் கனம் அச்சுக்கு நடுவிலேயே இருக்கும். முன்பின் வண்டியில் முன்னால் இருப்பதுதான் எதிர்க்கனம். தராசு கணக்குதான், எனக்கு மூளையில் ஏறவில்லை.

அன்று ராத்திரி அம்மாவின் பெட்டியில் அவள் மறந்துவிட்டுப்போன தையல் டேப்பை எடுத்துக் கதவை அளந்தேன். தெருக்கதவு திறந்து நிற்கும்போது இடைவெளி 77 செ.மீ., எங்கள் உள்கதவு 71. கதவுப் பலகையை அளந்தால் ஏமாந்துபோவீர்கள், பலகை 76 இருந்தது, நிலையும் திறந்து நிற்கிற கதவின் கனமும் ஐந்து செ.மீ. தின்றுவிட்டன. 1999-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் வாசல் குறைந்தது 77.5 செ.மீ. விட வேண்டும் என்று இங்கே விதி, புது அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. பழைய வீட்டில் டேப்தான் கடவுள். அப்புறம் டயப்பர் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி 74 செ.மீ.க்கு ஒரு பட்டை, 72-க்கு ஒன்று, 63-க்கு ஒன்று செய்து, இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே நடந்தேன். இவர் சோபாவிலிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும்.

எதற்கு இந்த மூன்று எண் என்றால், பக்கத்துப் பக்கத்து ரகத்தில் நான் குறித்துவைத்த வண்டிகளின் அகலம் அவை. பகபூ டாங்கி, நெதர்லாந்துக் கம்பெனி, எல்லாரும் திரும்பிப் பார்க்கும் வண்டி, கைக்குழந்தை படுக்கிற தொட்டி, அதாவது கேரிகாட், இரண்டையும் அக்கம்பக்கமாக மாட்டலாம், பிள்ளைகள் நம் முகம் பார்த்தபடி வரலாம், ஒற்றை வண்டியாகவும் சுருக்கிக்கொள்ளலாம். இரட்டையாக விரித்தால் 74 செ.மீ. விலை 1,000 பவுண்டைத் தாண்டும். அவுட் அண்ட் அபௌட் நிப்பர் டபுள், மூன்று சக்கரம், பிறந்த நாளிலிருந்து இரண்டு இருக்கையும் படுக்கும், பூங்காவில் ஓடுபவர்கள் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள், 72. பேபி ஜாகர் சிட்டி மினி ஜிடி டபுள், இருக்கை நடுவில் ஒரு பட்டையை இழுத்தால் வண்டி தானாக மடிந்துவிடும், அவ்வளவு எளிதாக மடிவதை நான் வேறெதிலும் பார்க்கவில்லை, ஆனால் 76-ஐ ஒட்டி வருகிறது, தெருக்கதவிலேயே கை முட்டி தேய்ந்துவிடும். நியூசிலாந்தின் மவுண்டன் பக்கி டூயட், 63. என் 71 கதவுக்கு முன்னால் இந்தப் பட்டியலில் மூன்று பேர் ஒரே வரியில் காலி.

மேலும் கீழுமாக இருக்கை மாட்டும் வண்டிகளும் உண்டு, ஐகேண்டி பீச், அப்பாபேபி விஸ்டா எல்லாம் அந்த வகை. அகலம் ஒற்றை வண்டி மாதிரி, பார்க்க லட்சணம். ஆனால் கீழே இருக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும் என்று குனிந்து பாருங்கள், அண்ணன் உட்கார்ந்திருக்கும் இருக்கையின் அடிப்பாகம் தெரியும். இரண்டு வயது வித்தியாசம் உள்ள பிள்ளைகளுக்குச் சரி. இரட்டையரில் யாரை மேலே வைப்பது யாரைக் கீழே வைப்பது என்று தினம் பஞ்சாயத்து வைக்க என்னால் ஆகாது. மூத்தவன், ஆம்பிளைப் பிள்ளை என்று அவன் மேலேயே பழகிவிடுவான் என்ற பயமும் ஒரு ஓரத்தில் இருந்தது, அதை இவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

கடைக்குப் போனோம். இந்த முறை காரில் இரண்டு ஐந்து கிலோ அரிசிப் பையும் வந்தது. கடையில் வண்டியைச் சோதிக்கிறபோது அது காலியாக இருக்கும், தரை கண்ணாடி மாதிரி இருக்கும், நாலு சக்கரமும் வெண்ணெயில் போவதுபோலப் போகும், எல்லா வண்டியும் நல்ல வண்டி. நான் அரிசிப் பையை இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டதும் கடைப்பையன் முதலில் சிரித்தான், அப்புறம் அவனே எடையில் ஏற்றத்தாழ்வு இருந்தால் எப்படிப் போகும் என்று ஒரு பையை எடுத்துக் காட்டினான். ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் காலி என்று தள்ளினால் லேசான வண்டிகள் கனத்தின் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். ஒற்றைக் கையால் தள்ளிப் பாருங்கள், மற்றக் கையில் எப்போதும் ஒரு பாட்டிலோ ஒரு பிள்ளையோ இருக்கும். மடிக்கிற வித்தையை விற்பவர் கையால் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், அவர் நாளுக்கு முப்பது முறை செய்கிறார். நானே மூன்று முறை மடித்து, எங்கள் குட்டிக் காரின் டிக்கியில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் 15 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், ஒரு சாக்கு வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது டூயட். கடையில் இல்லை, கடைப்பையன் உதவிக்கு ஒரு மழைக்கவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம், வண்டி பழையது வாங்கினோம், 220 பவுண்டு. புதிது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே. இந்த நாட்டில் பிள்ளைகள் துணிக்கு வாட் வரி இல்லை, கார் சீட்டுக்கு 5 சதவீதம், ஆனால் வண்டிக்கு முழுசாக 20 சதவீதம். நடந்து போகிற பிள்ளை என்ன பாவம் செய்ததோ. இரட்டையர் வீட்டுச் சாமான் பழசு வாங்குவதில் ஒரு வசதி, இதைப் பத்து வருஷம் யாரும் வைத்துக்கொள்வதில்லை, இரண்டு வருஷத்தில் வீட்டை அடைக்கிறது என்று தள்ளிவிடுவார்கள். ட்வின்ஸ் டிரஸ்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, முன்பு டாம்பா என்ற பெயரில் இருந்தது. அதுபோக அந்தந்தப் பகுதி இரட்டையர் பெற்றோர் குழுக்கள் அவ்வப்போது சர்ச் ஹாலிலோ பள்ளியிலோ பழைய சாமான் சந்தை போடுவார்கள், எல்லாமே ஜோடி ஜோடியாக இருக்கும், பார்க்கவே வேடிக்கை. பழசு பார்க்கும்போது பிரேக்கைப் போட்டுச் சரிவில் நிறுத்திப் பாருங்கள், விரித்தபின் பூட்டு 'டக்' என்று விழுகிறதா பாருங்கள், ஐந்து முனைப் பெல்ட்டில் ஒரு கொக்கி கூட ஆடக்கூடாது. துணியில் பழச்சாறு கறை இருந்தால் விலை குறையும், துவைத்தால் போய்விடும். கார் சீட்டை மட்டும் தெரியாதவரிடம் பழசு வாங்காதீர்கள், அது விபத்தில் அடிபட்டதா என்று வெளியே தெரியாது.

சரி, வண்டி எப்படி? கதவுக்குள் நுழைந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு கதையும். இரண்டும் தூங்கிக்கொண்டிருக்கும்போது தெருவிலிருந்து நேராக நடைக்கு வந்து, இடப்பக்கம் திரும்பி, படுக்கையறை வாசல் வரை எழுப்பாமல் கொண்டுவந்து நிறுத்திய முதல் நாள், நான் ஒரு முழு டீ சூடாகக் குடித்தேன். இரண்டு இருக்கையும் தனித்தனியாகச் சாயும், ஒருவர் தூங்க ஒருவர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். சக்கரம் காற்றடைத்த பத்து அங்குல டயர். வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் புல்வெளி பக்கத்தில்தான், மழைக்குப் பிறகு அங்கே சேறு கணுக்கால் வரை. முதல் வண்டியின் சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் அதில் நட்ட நாற்று மாதிரி நின்றுவிடும், இது போனது.

காற்று டயர் என்றால் பஞ்சரும் உண்டு, அது எந்தக் காற்று டயருக்கும் உள்ள தலையெழுத்து. ஒரு சனிக்கிழமை கோழிக்கடை வாசலில் உடைந்து கிடந்த பாட்டில் மேல் ஏற்றிவிட்டு, ஒரு பக்கம் நொண்டிக்கொண்டே வீடு வந்தேன். சைக்கிள் கடையில் ட்யூப் கிடைக்கிறது, ஊரில் பஞ்சர் ஒட்டுகிறவரை வேடிக்கை பார்த்து வளர்ந்ததால் தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி பார்த்து நானே ஒட்டினேன். மாதம் ஒருமுறை பம்ப் அடிக்க வேண்டும், அது பிடிக்காதவர்கள் திட ரப்பர் சக்கரம் பாருங்கள். இன்னொன்று, 63-ஐ இரண்டாகப் பங்கு போட்டால் ஆளுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குண்டுப் பிள்ளைகள், தடித்த குளிர்க்கோட்டு, இரண்டும் சேர்ந்தால் நெருக்கம்தான். நாங்கள் கோட்டைக் கழற்றிவிட்டு, காலை மூடுகிற கால்பை போட்டுக்கொண்டோம். இருக்கைகள் வெளியே பார்த்தபடிதான் இருக்கும், நம் முகம் பார்த்து வர வேண்டுமானால் கேரிகாட் தனியாக வாங்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அப்போது ஐந்தரை மாதம், என் முகத்தைப் பார்த்து அலுத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒரே எரிச்சல், வெயிலில் மூடுதுணி போட வேண்டாம் என்று இங்கே எவ்வளவு சொன்னாலும் வழியில் பார்க்கிற நம்ம ஊர் அக்காக்கள் "பிள்ளைக்கு வெயில் படுது, ஒரு துப்பட்டாவைப் போடும்மா" என்பார்கள். மெல்லிய துணிதானே என்று போட்டால் உள்ளே காற்று ஓடாமல் சட்டென்று சூடேறிவிடும். குடை மாட்டுங்கள், மூடாதீர்கள்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் லண்டனில் வண்டி வாங்குகிறவர் உண்மையில் பஸ்ஸுக்குத்தான் வண்டி வாங்குகிறார். 147-ம் 101-ம் என் பல்லக்குகள். டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினால் நடுக்கதவைத் திறப்பார், ஏற்றிவிட்டு முன்னால் போய் கார்டைத் தட்ட வேண்டும், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மனசு வராது, முக்கால்வாசி டிரைவர்கள் கூட்டத்தில் யாராவது கார்டை வாங்கித் தட்டிக் கொடுப்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். வண்டி நிற்பது சக்கர நாற்காலிக்கான இடத்தில். அது அவர்களுடைய இடம். நாற்காலியில் ஒருவர் வந்தால் நாம் மடிக்க வேண்டும், அல்லது இறங்க வேண்டும். இதில் வாதம் செய்து பார்த்தவர்கள் உண்டு, 2017 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், டிரைவர் ஒப்புக்குக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக்கூடாது, இன்னும் வற்புறுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கையில் இரண்டு பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த மாயாஜால வண்டியையும் மடிக்க முடியாது, ஆகவே இரட்டை வண்டிக்காரி இறங்கிவிடுவாள். நான் மழையில் இறங்கியிருக்கிறேன், நாலு முறை. ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ் ஏறினால் டிக்கெட் காசு இல்லை என்பதுதான் ஆறுதல். ரயிலுக்கு எலிசபெத் லைன் போதும், 41 ஸ்டேஷனிலும் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை படியில்லாமல் போய்விடலாம், மேனர் பார்க்கும் அதில் ஒன்று. பழைய டியூப், அதாவது சுரங்க ரயில், ஸ்டேஷன்களை மறந்துவிடுங்கள்.

நம்ம ஊர்க் கடைகளில் மட்டும் எந்த அளவும் செல்லாது. ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடைக்குள் இருபது கிலோ அரிசி மூட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கி, நடுவில் ஒரு ஆள் சாய்ந்து போகிற இடம் விட்டிருப்பார்கள். 63 இல்லை, 43 ஆனாலும் போகாது. வாசலில் நின்று "அண்ணே, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், கால் கிலோ உளுந்து" என்று கத்தினால் அவர்களே கொண்டுவந்து தருவார்கள், காசையும் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனால் செருப்போடு வண்டியும் வெளியே. ஒரு தைப்பூசத்தன்று அங்கே எத்தனை பக்கி வரிசையில் நின்றன தெரியுமா, ஊர்த் தேர் முட்டி மாதிரி. எங்கள் வண்டியை அடையாளம் கண்டுபிடிக்க அம்மா சொல்லிக் கைப்பிடியில் கட்டிய கறுப்புக் கயிறுதான் உதவியது. திருஷ்டிக்காகக் கட்டியது. இரட்டைப் பிள்ளைகளோடு போனால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்துவார், ரெட்டையா, ஆணா பெண்ணா, யாரு மூத்தது, உங்க குடும்பத்துல உண்டா, அப்புறம் குரலைத் தணித்து, தானா வந்ததா டாக்டர் கிட்ட போனீங்களா. இதற்கு எந்த வண்டியிலும் வழியில்லை.

அக்கம்பக்கமாக உட்கார்வதில் ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மாதத்தில் கை நீட்டிக் கை பிடித்துக்கொண்டு வந்தார்கள், பார்த்தவர்கள் எல்லாம் உருகினார்கள். பத்து மாதத்தில் அவள் அவன் முடியைப் பிடித்தாள். ஒரு வயதில் அவன் அவள் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றான், அவள் அவன் காதைக் கடித்தாள். முன்பின் வண்டியில் இது நடக்காது, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை உதைக்கும், அதோடு சரி. ஆனால் தூங்கும்போது ஒருவர் அழுகையில் மற்றவர் எழுந்துவிடுவார் என்று பயந்தேன் பாருங்கள், அது நடக்கவே இல்லை.

ஊருக்குப் போனபோது இந்த வண்டியைக் கொண்டுபோகவில்லை. மெல்லிய குடைக்கம்பி ரக வண்டி இரண்டு, ஒரே மாதிரி, அதை இணைக்க மூன்று பிளாஸ்டிக் கொக்கி விற்கிறார்கள், ஏர்போர்ட்டில் இணைத்துத் தள்ளினோம், விமான வாசல் வரை கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டோம். அந்தக் குடைக்கம்பி வண்டியைக் கண்டுபிடித்த ஓவன் மெக்லாரன் போர்விமானச் சக்கரத் தாங்கியில் வேலை செய்த எஞ்சினியர், 1965-ல் காப்புரிமைக்குப் போட்டார், அது விமானக் கால் மாதிரி மடியும் என்று தெரிந்துகொண்ட பிறகு மடிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் போடுவார். பாளையங்கோட்டையில் தெருவில் நாலு நாள் முயற்சி செய்தோம். மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் ஒரு பைக், ஒரு மணல் குவியல், ஒரு மாடு. கொக்கியைக் கழற்றிவிட்டு ஆளுக்கு ஒன்றாகத் தாத்தாவும் மாமாவும் இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்வரை பிள்ளைகளின் கால் தரையில் படவில்லை, வண்டியிலும் படவில்லை.

இப்போது இரண்டும் வண்டியில் உட்கார மறுக்கின்றன. கைப்பிடியை அவர்களே தள்ள வேண்டும், ஆளுக்கு ஒரு முனை, எதிரெதிர் திசையில். போன மாதம் விற்பனைக்குப் போட்டேன். முப்பது வாரக் கர்ப்பத்தோடு ஒரு பெண் 147-ல் தனியாக வந்தாள். கதவு அளந்தீர்களா என்று கேட்டேன், ஃபோனில் எழுதிவைத்திருந்தாள், 69. காலி வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, உங்கள் பிள்ளைகளை உட்கார வைக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டாள். ஆளுக்கு ஒரு முறுக்கு கொடுத்து உட்கார வைத்தேன். இருபத்தாறு கிலோவை ஒற்றைக் கையால் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், நடைபாதையில் ஒருமுறை ஏற்றி இறக்கி, திரும்பி வந்தாள். 120 பவுண்டுக்குப் பேசினோம். பம்பையும் மிச்சமிருந்த இரண்டு ட்யூப்பையும் கூடையில் போட்டுக் கொடுத்தேன், கறுப்புக் கயிற்றை மட்டும் அவிழ்க்க மறந்துவிட்டேன்.